விடை அறிதலும் மெய் அறிதலும்

தேர்வுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் மாணவன் முன் ஒரு வினா வைக்கப்படுகின்றது. மனித உடலின் உயிரணு ஒன்றில் உள்ள குரோமோசோம்கள் எத்தனை என்பது அவ்வினா. அதன்கீழ் 44, 46, 48, 50 என நான்கு விடைகள் அமைந்துள்ளன. மாணவன் சிறிதும் தயங்காமல் 46 என்பதற்குரிய கட்டத்தைக் கருமையாக்குகின்றான். மதிப்பெண் கிடைத்துவிடுகின்றது.

இதே வினா 1950ஆம் ஆண்டில் கேட்கப்பட்டிருப்பின், அதே மாணவன் அதே உறுதியோடு 48 என்று விடை எழுதியிருப்பான். அன்றும் அவனுக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். அன்று 46 என்று எழுதியவனுக்குச் சுழியமே கிடைத்திருக்கும். இடைப்பட்ட காலத்தில் மனித உடல் மாறிவிடவில்லை. மாறியது விடைக்குறிப்பு மட்டுமே.

அவ்வாறாயின், மாணவன் பெற்ற மதிப்பெண் எதற்காகத் தரப்பட்டது? அவன் ஓர் உண்மையை அறிந்திருந்ததற்காகவா? அல்லது அக்காலத்தார் எதனை உண்மை என்று ஏற்றிருந்தனர் என்பதை அறிந்திருந்ததற்காகவா? இவ்விரண்டும் ஒன்றே என்று பலரும் கருதுகின்றனர். போட்டித் தேர்வுகளுக்கெனப் பொது அறிவும் அறிவியலும் பயிற்றுவிக்கப்படும் வகுப்புகள் பெருகியுள்ள இக்காலத்தில், இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஆராய்வது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும். இது கல்வி முறையைப் பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று. ஒழுக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் ஆகும்.

தேர்வின் நற்பயன்

தேர்வைப் பழிப்பது எளிது. ஆயின், தேர்வு எதன் இடத்தில் வந்து அமர்ந்தது என்பதை மறந்துவிட்டுப் பழிப்பது நேர்மையாகாது.

சீன நாட்டில் சூய் மரபினர் காலத்தில் தோன்றிய அரசுப் பணித் தேர்வுமுறை, பல மாற்றங்களோடு 1905ஆம் ஆண்டு வரை நின்று நிலவியது. குலப்பெருமையாலும் படைவலிமையாலும் பதவி பெற்ற காலத்தில், எழுத்தறிவால் பதவி பெறலாம் என்ற எண்ணத்தை அத்தேர்வு விதைத்தது. இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியாரிடத்தில் உயர் பதவிகள் இயக்குநர்களின் பரிந்துரையால் வழங்கப்பட்டு வந்தன. மெக்காலே தலைமையில் அமைந்த குழு 1854இல் அளித்த அறிக்கையின்படி, 1855 முதல் இலண்டனில் போட்டித் தேர்வு நடைபெறலாயிற்று. இன்னாருடைய மகன் என்பதற்காக ஒருவனுக்கு இடம் தரும் வழக்கத்திற்கு அத்தேர்வு முடிவு கட்டியது.

நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் முறையும் நல்ல நோக்கத்தோடு தோன்றியதே. அமெரிக்க நாட்டின் கான்சஸ் மாநிலத்தில் பிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் 1915ஆம் ஆண்டையொட்டி இம்முறையில் வாசிப்புத் தேர்வு ஒன்றை அமைத்தார். ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் மிகுந்த மதிப்பெண்ணும் மற்றோர் ஆசிரியர் குறைந்த மதிப்பெண்ணும் வழங்குவது அக்காலத்தில் பெருங்குறையாக இருந்தது. திருத்துவோரின் விருப்பு வெறுப்பு மதிப்பெண்ணில் கலவாதிருத்தல் வேண்டும் என்பதே புதிய முறையின் நோக்கம். கையெழுத்து அழகாக உள்ளவன், ஆசிரியருக்கு வேண்டியவன் என்னும் வேறுபாடுகள் அம்முறையில் மறைந்தன.

எனவே, தேர்வு நீதியின் பொருட்டுப் பிறந்தது எனலாம். செல்வமும் செல்வாக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் வாயில்களுள் அதுவும் ஒன்று. மலேசியத் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவிய பெற்றோரின் பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் உயர்ந்ததற்குத் தேர்வும் ஒரு படிக்கட்டாக அமைந்தது. அப்படிக்கட்டை இகழ்வோர் பெரும்பாலும் வேறு வழி உடையவராகவே இருப்பர்.

தேர்வுகள் காலத்திற்கேற்ப மாறியும் வருகின்றன. மலேசியாவில் 1988இல் தொடங்கிய ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1960 முதல் நடைபெற்று வரும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பீட்டு முறை 2021இல் மாற்றியமைக்கப்பட்டது. தேர்வின் பெயரும் வடிவும் மாறினும், விடையை அறிந்தால் போதும் என்னும் மனப்பான்மை அவற்றோடு மாறிவிடுமா என்பது வேறு வினா.

எதனை அளக்கின்றது?

தேர்வு நீதியுடையது என்பதனாலேயே அது அறிவை முழுமையாக அளக்கின்றது என்று முடிவு செய்தல் ஆகாது. துலாக்கோல் நேர்மையானதுதான், ஆயினும் அது பூவின் எடையைக் கூறுமேயன்றி மணத்தைக் கூறாது.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்தோருள் ஏறத்தாழ 17 இலட்சம் பேருக்கு அறிவுத் தேர்வு நடத்தப்பட்டது. அத்தேர்வில் பொதுச் செய்திகள் பற்றிய பகுதியும் இருந்தது. அந்நாட்டுப் பந்தாட்ட வீரர் ஒருவரின் பெயரைக் கூறி அவர் எழுத்தாளரா, ஓவியரா, ஆட்டக்காரரா, நகைச்சுவை நடிகரா என்று கேட்ட வினாவும் அதில் உண்டு. அயல்நாட்டிலிருந்து அண்மையில் குடியேறிய உழவர் ஒருவர் அதற்கு விடை அறியாதிருந்தது இயல்பே. ஆனால் அறியாமைக்குரிய அந்த மதிப்பெண்ணே அவருடைய அறிவுக் குறைவாக எண்ணப்பட்டது. பழக்கத்தால் தெரிந்திருப்பதும் அறிவால் உணர்ந்திருப்பதும் ஒன்றாக்கப்பட்டதன் விளைவு அது.

மற்றொரு குறையும் உண்டு. நாற்பது வினாக்களுக்கும் வினாவைப் படிக்காமலேயே ஒருவன் கட்டங்களைக் கருமையாக்கினால், சராசரியாகப் பத்து விடைகள் சரியாக அமையும். அறிந்து எழுதிய விடை எது, ஊகித்து எழுதிய விடை எது, பிறர் சொல்லக் கேட்டு எழுதிய விடை எது என்பதைத் திருத்தும் பொறி அறியாது. அதனை அறியக்கூடியவன் ஒருவனே. அவன் அந்த மாணவன். ஆகவே, அவ்வேறுபாட்டைக் காக்கும் பொறுப்பும் அவனையே சாரும்.

நாற்பத்தெட்டின் வரலாறு

மேலே கூறிய குரோமோசோம் எண்ணிக்கையின் வரலாறு இவ்விடத்தில் விரிவாக நோக்கத்தக்கது.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோபிலஸ் பெயின்டர் என்ற அறிஞர் மனித உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அக்காலக் கருவிகளாலும் முறைகளாலும் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தே தோன்றின. அவற்றை எண்ணுவது வைக்கோற்போரில் உள்ள வைக்கோல்களை எண்ணுவது போன்ற கடுமையான பணி. 1921இல் அவர் வெளியிட்ட முதற் குறிப்பில், மிகத் தெளிவாகத் தெரிந்த உயிரணுக்களில் 46ஐயே கண்டதாகக் கூறினார். எனினும் மேலும் ஆராய்ந்தபின், 1923இல் வெளியிட்ட கட்டுரையில் 48 என்று முடிவு செய்தார். அவர் பொய் கூறியவரல்லர். கண்டதைக் கண்டவாறு கூற முயன்று தவறியவர்.

அதன்பின் நிகழ்ந்ததே சிந்தனைக்குரியது. 48 என்ற எண் பாடநூல்களில் ஏறியது, வகுப்பறைகளில் ஓதப்பட்டது, தேர்வுகளுக்குரிய விடையாயிற்று. 1952இல் சூ என்ற ஆய்வாளரின் கூடத்தில், கரைசல் ஒன்று தவறுதலாகக் கலக்கப்பட்டதன் பயனாக, குரோமோசோம்கள் தனித்தனியே விரிந்து தெளிவாகத் தெரியும் புதிய முறை கிட்டியது. அத்தகைய தெளிவான காட்சி கிடைத்தபின்னும் அவர் 48 என்றே எழுதினார்.

இதனினும் வியப்பானது சுவீடன் நாட்டில் நிகழ்ந்தது. அங்குக் கருவின் கல்லீரல் உயிரணுக்களை ஆராய்ந்தோர் சிலர், எத்தனை முறை எண்ணியும் 46ஐயே கண்டனர். 48 இருக்க வேண்டுமே, எஞ்சிய இரண்டையும் காண முடியவில்லையே என்று எண்ணி அவ்வாராய்ச்சியை இடையில் நிறுத்திவைத்தனர். மெய் அவர்தம் கண்முன் நின்றது. மனத்தில் முன்னரே குடியிருந்த விடை அதனைக் காண விடவில்லை.

1955ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ என்ற அறிஞர் கருவின் நுரையீரல் உயிரணுக்களில் 46 குரோமோசோம்களை எண்ணினார். இவர் 1919இல் ஜாவாத் தீவில் பிறந்தவர்; தாவர ஆராய்ச்சியில் பயிற்சி பெற்றவர்; சப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிறைத்துன்பத்தையும் அறிந்தவர். எண்ணிக்கை இரண்டு குறைகின்றதே என்று அவர் பணியை நிறுத்தவில்லை. மீண்டும் மீண்டும் எண்ணினார். ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து 1956இல் அதனை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்து அறிஞர்களும் வேறு உயிரணுக்களை ஆராய்ந்து அதனை உறுதிசெய்தனர்.

இரண்டு எண்ணின் வேறுபாட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். 1959இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளின் உயிரணுக்களில் 47 குரோமோசோம்கள் இருத்தலைக் கண்டறிந்தனர். இயல்பான எண்ணிக்கை 46 என்பது தெளிந்த பின்னரே 47 என்பது ஒன்று மிகுதி என்று பொருள்பட்டது. 48 என்ற பிழை நீடித்திருப்பின், அம்மிகுதியே ஒரு குறைவாகத் தோன்றியிருக்கும். அக்குழந்தைகளின் நிலைக்குப் பெற்றோரின் தீவினையையோ தாயின் நடத்தையையோ காரணமாகக் கூறிவந்த பேச்சுகள் பொருளற்றவை என்பதற்கு அந்தச் சரியான எண்ணிக்கை சான்றாயிற்று.

அளவை என்னும் அளவுகோல்

இவ்வரலாற்றைக் கேட்ட மாணவன் ஒருவன், ‘1950இல் 46 என்று ஊகித்து எழுதியவனே அறிவாளி, மதிப்பெண் வழங்காதவரே அறிவிலி’ என்று கூறக்கூடும். அதுவும் பொருந்தாது. அவன் எண்ணியவனும் அல்லன். எண்ணியவரிடம் கேட்டவனும் அல்லன். இருளில் எறிந்த கல் மாங்காயில் பட்டது போன்றது அவன் விடை. அவன் விடை மெய்யாயிற்று. ஆனால் அவன் மெய்யை அறிந்தவனாகவில்லை.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் மேனோ என்ற நூலில் இதனை ஆராய்கின்றார். ஓர் ஊருக்குச் செல்லும் வழியைத் தெளிவாக அறிந்தவனும், அறியாமலே சரியாக ஊகித்தவனும் ஒருசேர அவ்வூரை அடைவர். பயன் நோக்கில் இருவரும் ஒப்பர். எனினும், காரணத்தால் கட்டப்படாத கருத்து நிலைத்து நிற்பதில்லை என்பது அவர் துணிபு. வழியில் ஒருவன் எதிர்ப்பட்டு ‘இது வழியன்று’ என்று மறுத்தால், ஊகித்தவன் திகைப்பான். அறிந்தவன் தொடர்ந்து நடப்பான்.

தமிழ் மரபில் இவ்வாராய்ச்சிக்கு அளவை என்று பெயர். ஒன்றை எவ்வாறு அறிந்தோம் என்பதை அளந்து காட்டுவது அளவை. மணிமேகலைக் காப்பியத்தில் பல சமயத்தாரின் அளவைகள் எடுத்துரைக்கப்படுகின்றன. அறவண அடிகள் வாயிலாகக் கூறப்படும் பௌத்த நெறி, காட்சி, கருதல் என்னும் இரண்டையே அளவையாகக் கொள்கின்றது. சைவ சித்தாந்த நூலார் அவற்றோடு உரை என்பதனையும் சேர்த்து மூன்றாகக் கொள்வர். கண்டு அறிதல் காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல் கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டு அறிதல் உரை.

இவ்வளவுகோலால் நோக்கின், பொது அறிவு நூல்களில் உள்ள செய்திகளுள் பெரும்பாலானவை உரை என்னும் பிரிவில் அடங்கும். அது இழிவன்று. நிலவுக்கும் நிலவுலகுக்கும் உள்ள தொலைவை ஒவ்வொரு மாணவனும் தானே அளந்து அறிதல் இயலாது. பிறர் உழைப்பால் கண்டதை நம்பி ஏற்பதனாலேயே மனித அறிவு தலைமுறை தோறும் வளர்கின்றது. குறை எங்கே உள்ளது எனின், உரையால் பெற்றதைக் காட்சியால் பெற்றதாக எண்ணிக்கொள்வதில் உள்ளது. கடன் வாங்குவது குற்றமன்று; கடனைத் தன் முதல் என்று எண்ணிக்கொள்வதே குற்றம்.

விடைகள் அனைத்தும் ஒரே தன்மையின அல்ல என்பதையும் மாணவர் உணர்தல் வேண்டும். சில விடைகள் மனிதர் வகுத்தவை. 1930இல் கண்டுபிடிக்கப்பட்ட புளூட்டோ ஒன்பதாம் கோளாக எண்ணப்பட்டது. 2006இல் வானியல் அறிஞர் கோள் என்பதற்குப் புதிய இலக்கணம் வகுத்தபோது அது குறுங்கோளாயிற்று. அங்கு வானத்தில் எதுவும் மாறவில்லை, பழைய விடை பிழையாகக் கண்டதும் அன்று, இலக்கணமே மாறியது. வேறு சில விடைகள் இயற்கையை ஆராய்ந்து கண்டவை. 48 என்பது 46 ஆனது அவ்வகையைச் சேர்ந்தது; அங்குப் பிழை திருத்தப்பட்டது. இன்னும் சில விடைகள் ஒரு நிலைமைக்கு உட்பட்டே மெய்யாவன. இம்மூன்றாம் வகையிலேதான் பள்ளி மாணவனின் நேர்மை சோதனைக்கு உள்ளாகின்றது.

கேமரன் மலையில் கொதிக்கும் நீர்

நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ் என்பது தொடக்கப்பள்ளி மாணவனும் அறிந்த விடை. கடல்மட்டத்தில் நிலவும் காற்றழுத்தத்தில்தான் அது மெய். உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகின்றது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் குறைகின்றது. கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கு நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அம்மலையில் தமிழ்ப்பள்ளிகளும் உண்டு.

அத்தகைய பள்ளி ஒன்றின் அறிவியல் அறையை எண்ணிப் பார்க்கலாம். மாணவி ஒருத்தி கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைக்கின்றாள். அது 95 என்று காட்டுகின்றது. நூலில் 100 என்று உள்ளது. ஏட்டில் எதனை எழுதுவது? பெரும்பாலும் நிகழ்வது ஒன்றே. அருகில் இருப்பவளின் ஏட்டைப் பார்ப்பாள், நூலைப் பார்ப்பாள், 95 என்று எழுதியதை அழித்துவிட்டு 100 என்று எழுதுவாள். ஆசிரியரும் சரி என்று குறியிட்டுவிடுவார். எவருக்கும் தாம் பிழை செய்ததாகத் தோன்றாது.

ஆனால் அங்கு ஒரு பொய் எழுதப்பட்டுவிட்டது. அதனினும் பெரிய இழப்பு ஒன்று நேர்ந்துவிட்டது. தன் கண்ணால் கண்டதைக் காட்டிலும் பிறர் எழுதிய விடையே பாதுகாப்பானது என்னும் பாடத்தை அம்மாணவி கற்றுக்கொண்டாள். சுவீடன் நாட்டு ஆய்வாளர் 46ஐக் கண்டும் ஐயுற்று நின்றதற்கும், அச்சிறுமி 95ஐ அழித்ததற்கும் அடிப்படை ஒன்றே. முன்னவர் ஐயுற்றனர், ஆயினும் எண்ணிக்கையை மாற்றி எழுதவில்லை. பயிற்சி பெற்ற அறிஞரின் நேர்மை அது. அந்நேர்மையைப் பள்ளிப் பருவத்திலேயே இழந்தவர் பின்னாளில் எந்த ஆய்வுக்கூடத்தில் அதனைத் திரும்பப் பெறுவர்?

இதனால், தன் கண்ணே எப்பொழுதும் சரி என்று மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும் என்பது கருத்தன்று. வெப்பமானி பழுதுபட்டிருக்கலாம், பார்த்த முறை தவறாக இருக்கலாம். பெயின்டரும் தம் கண்ணை நம்பியே தவறினார். வேண்டுவது யாதெனின், கண்டதைக் கண்டவாறே எழுதுதல். நூலோடு அது மாறுபடின் மாறுபட்டதையும் எழுதுதல். பின்னர்க் காரணத்தைத் தேடுதல். ‘95 பாகை, நூலில் 100 எனக் காண்கின்றது, காரணம் தெரியவில்லை’ என்று எழுதும் சிறுமி அறிவியலின் வாயிலில் அடியெடுத்து வைத்துவிட்டாள். தெரியவில்லை என்ற அச்சொல்லுக்கு மதிப்பெண் வழங்கும் ஆசிரியர் அவளை உள்ளே அழைத்துச் செல்கின்றார்.

ஆசிரியரின் இக்கட்டு

இங்கு ஆசிரியர் தரப்பிலிருந்து எழும் மறுப்பு எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. பாடத்திட்டம் நீண்டது; காலம் குறுகியது. விடைக்குறிப்பில் 100 என்று உள்ளபோது, 95ஐப் பற்றிப் பேசி ஏழை மாணவனைக் குழப்பினால், அவன் ஒரு மதிப்பெண்ணை இழக்கலாம். அந்த ஒரு மதிப்பெண்ணால் அவன் விரும்பிய கல்வி கைநழுவலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிவகுப்பு உண்டு. மீண்டும் முயலும் வாய்ப்பும் உண்டு. இல்லாதவனுக்கு முதலில் வெற்றி வேண்டும். சிந்தனை பின்னர் வரட்டும் என்பது அம்மறுப்பு. இதில் அன்பு உண்டு, பொறுப்பும் உண்டு.

ஆயினும் இரண்டு செய்திகள் எண்ணத்தக்கன. தேர்வுத் தாளில் எழுதும் விடையும் ஆய்வு ஏட்டில் எழுதும் குறிப்பும் வெவ்வேறு இயல்பின. தேர்வுத் தாளின் வினா, ‘பாடத்தின்படி விடை யாது’ என்றே கேட்கின்றது. கேட்பவரும் எழுதுபவரும் அதனை அறிவர். ஆதலின், அங்கு 100 என்று எழுதுதல் பொய்யாகாது. விதி இடந்தரும்போது ஊகித்து எழுதுதலும் ஏமாற்றாகாது. ஊகித்ததை அறிந்ததாகத் தன் நெஞ்சிடமே சொல்லிக்கொள்ளாத வரையில் அதில் இழுக்கில்லை. ஆய்வு ஏடோ ‘நீ கண்டது யாது’ என்று கேட்கின்றது. அது சாட்சிக் கூண்டு போன்றது. அங்குக் கேட்டதைக் கண்டதாக எழுதுதல் பொய்ச்சாட்சியே ஆகும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கு ஒரு பாடவேளையும் தேவைப்படாது.

அடுத்து, காரணம் கூறுதல் காலத்தை வீணாக்கும் என்பதும் முழு உண்மையன்று. ‘நீர் 100 பாகையில் கொதிக்கும்’ என்பதோடு ‘கடல்மட்டக் காற்றழுத்தத்தில்’ என்ற இரு சொற்களைச் சேர்த்தால் போதும். மாணவன் தேர்வுக்குரிய விடையையும் பெறுகின்றான். அவ்விடையின் எல்லையையும் பெறுகின்றான். மலைப்பகுதியில் அரிசி வேக நேரம் ஆவது ஏன், அழுத்தச் சமையற்கலம் விரைந்து வேகவைப்பது ஏன் என்னும் வினாக்கள் பின்னொருநாள் தேர்வில் வரின், மனப்பாடம் செய்தவன் திகைப்பான். எல்லையை அறிந்தவன் விடை காண்பான். ஏழை மாணவனுக்குக் காரணத்தை மறுத்து விடையை மட்டும் தருதல், அவனுக்குச் செய்யும் உதவியிற் குறையாகவே முடியும். ஏனெனின், விடைக்குறிப்பு மாறும் நாளில் வசதியுள்ளவன் புதிய நூலை வாங்கிக்கொள்வான். இல்லாதவனிடம் எஞ்சியிருப்பது அவன் கற்ற காரணம் ஒன்றே.

பசுவும் கிளியும்

நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் மாணாக்கரை மூவகையாகப் பிரித்து உவமை கூறியுள்ளார். பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமும், மேய்ந்ததை அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கர்க்கு உவமை. உழைப்பிற்கேற்பப் பயன் தரும் மண்ணும், கற்பித்ததையே திரும்பக் கூறும் கிளியும் இடை மாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடமும், ஆடும், எருமையும், நெய்யைக் கீழே விட்டு மண்டியைத் தாங்கி நிற்கும் நெய்யரியும் கடை மாணாக்கர்க்கு உவமை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மனப்பாடம் செய்து ஒப்பிப்பவனைக் கிளி என்று இன்று எள்ளி நகையாடுகின்றனர். பவணந்தியாரோ கிளியைக் கடைநிலையில் வைக்கவில்லை, இடைநிலையில் வைத்தார். கேட்டதைச் சிதையாமல் காப்பதும் ஒரு திறனே என்பதை அவர் அறிந்திருந்தார். ஓட்டைக் குடத்தினும் கிளி மேலானதே. ஆயின், அதுவே முடிவான நிலையன்று.

தேர்வுக் காலத்து மாணவனுக்குப் பொருந்தும் உவமை பசு. புல் நிறைந்த இடத்தைக் கண்டால் பசு ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று கொண்டு நிற்பதில்லை. வயிறு நிறைய விரைந்து மேய்கின்றது. பின்னர் நிழலில் அமர்ந்து, மேய்ந்ததை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்கின்றது. பொது அறிவு நூல்களையும் அறிவியல் வினாத்தொகுப்புகளையும் விரைந்து பயில்வது மேய்ச்சலுக்கு ஒப்பாகும். அது தவறன்று, காலம் கருதிச் செய்யும் செயல். தவறு யாதெனின், தேர்வு முடிந்ததும் நூலை மூடிவிட்டு எழுந்து போதல். அசைபோடாத பசுவுக்கு மேய்ந்த புல் உணவாவதில்லை, நோயாகின்றது.

ஆதலின், தேர்வு முடிந்த மறுநாளும் ஆசிரியர்க்குப் பாடநாளே. எழுதிய விடைகளுள் அறிந்து எழுதியவை எவை, ஊகித்து எழுதியவை எவை என்று மாணவரையே குறிக்கச் செய்யலாம். ஊகித்துச் சரியானவற்றிற்குக் காரணம் தேடச் செய்யலாம். இவ்விடையை முதலில் எவர் எவ்வாறு கண்டார், இது எந்நிலையில் பொருந்தும், எந்நிலையில் பொருந்தாது என்று கேட்கலாம். அந்நாளுக்கு மதிப்பெண் இல்லை. தேர்ச்சி விகிதத்தில் அது சேர்வதும் இல்லை. எவரும் அளக்காத அந்த ஒரு நாளில் ஆசிரியர் செய்வதே, அவர் தம் பணியை எவ்வாறு கருதுகின்றார் என்பதைக் காட்டும்.

திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களுக்குப் பின் கேள்வி என்னும் அதிகாரமும், அதன்பின் அறிவுடைமை என்னும் அதிகாரமும் அமைந்துள்ளன. வள்ளுவர் காலத்தில் கேள்வி என்பது சான்றோர்பால் கேட்டறிதலைக் குறித்தது. இன்றைய வழக்கில் அச்சொல் வினாவையும் குறிக்கின்றது. கேட்டு ஏற்பதும், கேட்டு ஆராய்வதும் ஆகிய இரண்டையும் தமிழ் ஒரே சொல்லில் அடக்கியுள்ளது. முன்னதை மட்டும் பழகியவன் தேர்வில் வெல்லக்கூடும். இரண்டையும் பழகியவனோ, கேமரன் மலையின் குளிரில் வெப்பமானி 95 என்று காட்டும்போது, அதனை அழிக்காமல் எழுதிவைத்துவிட்டு, ஏன் என்று கேட்பான்.